ஏகாம்பரத்தின் புரமோஷனும் அறுபது ரிமைண்டர்களும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி ரெவ்யூ மீட்டிங். எழுந்து நின்று சொன்னேன்: "சார், போன வாரம் முழுக்க நான் ஒண்ணுமே செய்யலை."

கை தட்டினார்கள்!

சத்தியமாகத் தட்டினார்கள். பிளான்ட் ஹெட் முதலில் தட்டினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். இருபது வருஷ ஹெச்.ஆர். வாழ்க்கையில், தொண்டை வறளக் கத்தி நான் செய்து முடித்த எந்த வேலைக்கும் இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. சும்மா இருந்ததற்குக் கிடைத்தது. எரிச்சல் வருமா, வராதா?

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. ஒரகடம் பக்கத்தில், வல்லம் வடகால் எஸ்டேட்டில், கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. ஆளெடுப்பது, லீவு கொடுப்பது, கேண்டீன் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் திட்டு வாங்குவது... எல்லாம் நான்தான். சொந்த ஊர் விருதுநகர். கோபம் அங்கிருந்து கொண்டுவந்தது.

எங்கள் கம்பெனியில் கிராஜுவிட்டிக்கு ஒரு ட்ரஸ்ட் ஆரம்பித்தோம். தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற தொகையை கம்பெனி கணக்கிலிருந்து பிரித்து, தனியாக ஒரு ட்ரஸ்ட்டில் வைப்பது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த ட்ரஸ்ட்டுக்கு வரித்துறை ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம் போட்டோம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

பதினாலு மாசம் பரிசீலித்தார்கள்.

யாருக்கும் பணம் நிற்கவில்லை, அது வேறு விஷயம். போகிறவர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நின்றது ஒரே ஒரு மனுஷன். ஏகாம்பரம்.

ஏகாம்பரம், தகட்டை அச்சில் வைத்து அழுத்துகிற எங்கள் பிரஸ் ஷாப்பில் சீனியர் ஆபரேட்டர். பிள்ளைப்பாக்கத்துக்காரர். கம்பெனி கட்ட வானம் தோண்டிய நாளிலிருந்து இங்கே இருக்கிறார். மிஷின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் லூஸ் என்று சொல்லிவிடுவார். இன்றைக்கு சூப்பர்வைசர் என்று க்ரீம் கலர் சட்டை போட்டுத் திரிகிற பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் மட்டும் சாம்பல் கலர் சட்டை.

இவர் எப்படி இதில் மாட்டினார்? ட்ரஸ்ட்டுக்கு மூன்று ட்ரஸ்டிகள். பிளான்ட் ஹெட், நான், மூன்றாவது ஆள் ஒரு தொழிலாளி. "தொழிலாளியாகவே இருக்க வேண்டும்" என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறோம். பத்திரத்தில் கையெழுத்து வாங்க வக்கீல் வந்தபோது டீ பிரேக். டீ வரிசையில் முதலில் நின்றவர் ஏகாம்பரம். "அண்ணே, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டுப் போட்டார்.

அவ்வளவுதான் தேர்தல்.

விண்ணப்பம் போன மறு வாரமே அவருக்கு சூப்பர்வைசர் புரமோஷன் வந்தது. லெட்டர் டைப் ஆகி, பிளான்ட் ஹெட் கையெழுத்தும் ஆகி, என் கைக்கு வந்தது. நான் சந்தோஷமாக ஆடிட்டரிடம் சொன்னேன். அவர் போனிலேயே அலறினார்.

"மேடம், தொடாதீங்க! சூப்பர்வைசர் ஆனா அவர் தொழிலாளி இல்ல, ஸ்டாஃப். ஸ்டாஃப் ஆனா ட்ரஸ்டி இல்ல. ட்ரஸ்டி மாறினா பத்திரம் மாறணும். பத்திரம் மாறினா விண்ணப்பம் புதுசா போடணும். புதுசுன்னா வரிசையில கடைசி!"

"அப்ப என்ன செய்ய?"

"ஒப்புதல் வர்ற வரைக்கும் அவர் அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தார். ரெண்டு மாசத்தில் வந்துவிடும் என்று அவரிடம் சொன்னேன். "சரி மேடம்" என்றார். அதற்குள் அவர் மனைவி க்ரீம் கலர் துணி எடுத்து சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. தெருவே அவரை "சூப்பர்வைசரே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. காலையில் தெருவில் சூப்பர்வைசர், கம்பெனி பஸ் ஏறினால் ஆபரேட்டர். சாயந்திரம் இறங்கினால் மறுபடி சூப்பர்வைசர்.

இதில் கொடுமை என்னவென்றால், லைனில் சூப்பர்வைசர் வேலையைப் பார்த்ததும் அவரேதான். இடம் காலி, ஆள் போட முடியாது. வேலை எல்லாம் பார்ப்பார். கையெழுத்து மட்டும் போட முடியாது. ஒரு ஓ.டி. சீட்டு என்றாலும் பக்கத்து லைனுக்குப் போய், தன்னிடம் வேலை கற்ற பையனிடம் கையெழுத்துக்குக் காத்து நிற்பார்.

இதற்கிடையில் எங்கள் பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு ரிஸ்க் ஷீட் உண்டு. எது கெட்டுப்போகலாம், கெட்டால் என்ன ஆகும், எப்படித் தடுப்பது என்று மூன்று கட்டம். ஏகாம்பரத்துக்கும் ஒரு ஷீட் போட்டுவிட்டார்!

"எது கெட்டுப்போகலாம்" என்ற கட்டத்தில் இருந்தது: மரணம், விபத்து, ராஜினாமா, பதவி உயர்வு.

தடுப்பு நடவடிக்கையாக மாசம் ஒரு மெடிக்கல் செக்கப், புது ஹெல்மெட், மழைக்காலத்தில் பைக் ஓட்டத் தடை. பி.பி. நூற்றிநாற்பது காட்டினால் எனக்கு மெயில் வரும். மனுஷன் ஒரு நாள் கேட்டேவிட்டார்: "இன்னா மேடம், ட்ரஸ்ட்ட பாத்துக்க என்னைப் போட்டீங்கன்னு நெனச்சேன். இப்ப என்னைப் பாத்துக்க பத்து பேர் கீறாங்க."

சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

பதினாலாவது மாசம் அவர் என் கேபினுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மேடம், அம்பத்தெட்டு முடியுது. இன்னும் ஏழு வாரம்தான் சர்வீஸ். ஆபரேட்டராவே பூடுவேனா?"

ஏழு வாரத்தில் அவர் ரிட்டையர் ஆகிவிட்டால் ட்ரஸ்டியும் மாற வேண்டும், விண்ணப்பமும் புதிதாகப் போட வேண்டும். இந்தப் பதினாலு மாசமும் வீண். அதுகூடப் போகட்டும். இந்த மனுஷனை யார் மறுபடி கூப்பிட்டு சூப்பர்வைசர் ஆக்குவார்கள்?

"நானே நேர்ல போயி கேட்டுட்டு வரட்டா?" என்றார்.

நமக்கு இது தோன்றவே இல்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே இரண்டு பேரும் சென்னை கிளம்பினோம்.

எந்த அலுவலகம், எந்த மாடி என்றெல்லாம் வேண்டாம். செக்‌ஷனில் ஒரு அம்மா இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கம்பெனி பேரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, திங்கக்கிழமை கம்பெனி! உக்காருங்க உக்காருங்க. உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எழுந்து போய் ஒரு ஃபைலை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி. மேஜையில் வைத்துப் பிரித்தார்.

முதல் பத்துப் பக்கம் எங்கள் விண்ணப்பம். மீதி எல்லாம் கடிதம். "எங்கள் விண்ணப்பத்தின் நிலையைத் தயவுசெய்து தெரிவிக்கவும்." ஒரே வாசகம். தேதி மட்டும் வேறு. கீழே என் கையெழுத்து. அறுபது கடிதம்!

வாரா வாரம் திங்கட்கிழமை ஒன்று. பொங்கலுக்கு லீவு வந்த திங்கட்கிழமைக்கு சனிக்கிழமையே அனுப்பியிருக்கிறோம்.

எங்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளில் எந்த வேலையும் போர்டில் ஏறும். போர்டில் ஏறினால் யார் பொறுப்பு, இந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று திங்கட்கிழமை கேட்பார்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் சிவப்பு. ரிமைண்டர் அனுப்பினேன் என்றால் பச்சை. பதினாலு மாசமும் என் கட்டம் பச்சையாகவே இருந்தது. பெருமையாக வேறு இருந்தேன்.

"இதோ பாரும்மா" என்றார் அந்த அம்மா. "ஃபைல் மேல ஆபீசர் டேபிளுக்குப் போகும். அங்க வரிசைல உக்காரும். முறை வர மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள உங்க லெட்டர் வந்துடும். புது லெட்டர் வந்தா ஃபைல்ல கோக்கணும். கோக்கணும்னா ஃபைல் கீழ வரணும். கோத்து, பக்க நம்பர் போட்டு, நோட் எழுதி மறுபடி மேல அனுப்புவேன். திரும்பக் கடைசில போயி உக்காரும். அதுக்குள்ள திங்கக்கிழமை வந்துடும்..."

நான் கடிதங்களின் தேதிகளைப் புரட்டினேன்.

"அப்ப... இத்தனை நாள்..."

"ஒரு தடவைகூட ஆபீசர் இதைத் தொறந்து பாக்கலம்மா. தொறக்கறதுக்குள்ள நான் வாங்கிட்டு வந்துடுவேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்!"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"அறுபது தடவை கேட்டிருக்கோமே!"

"எழுதித்தானேம்மா கேட்டீங்க?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அறுபது முறை ஒரே ஃபைலை அவிழ்த்துக் கட்டியவர் அவர். கோபப்பட வேண்டுமானால் அவர்தான் பட வேண்டும். "திங்கக்கிழமை கம்பெனிக்குன்னே தனியா நாடா வாங்கி வச்சிருக்கேன்" என்று காட்டினார், பாவம்.

ஏகாம்பரம்தான் முதலில் பேசினார். "மேடம், அச்சுல தகடு வச்சி, பிரஸ் எறங்கறதுக்குள்ள பீஸ் ஆயிடுச்சான்னு எடுத்து எடுத்துப் பாத்துக்கினு இருந்திருக்கோம். அப்பறம் எப்டி பீஸ் வரும்?"

"இப்ப என்ன செய்யணும்?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"மூணு வாரம் ஒண்ணும் செய்யாதீங்க" என்றார். "முடியுமா உங்களால?"

திரும்பி வரும்போது, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு டீக்கடையில் ஏகாம்பரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். டீயைக் கையில் வாங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, என்னை மன்னிச்சிருங்க. உங்க பதினாலு மாசத்த நான்தான் தின்னுட்டேன்."

"வுடுங்க மேடம்" என்றார். "நீங்க மறக்காம அனுப்னீங்க. ஒரு மாசம் மறந்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும், அவ்ளோதான்."

ஆறுதல்தான் சொன்னார்.

மூன்று வாரம் சும்மா இருப்பது என்ன பெரிய வேலை என்று நினைப்பீர்கள். எங்கள் ஃபேக்டரியில் இருந்து பாருங்கள்!

பிளான்ட் ஹெட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். புரிந்துகொண்டார். நல்ல மனுஷன். "ஓகே, லெட்டரை ஸ்டாப் பண்ணிடலாம். ஆனா போர்டுல என்ன போடறது? ஆக்‌ஷன் காலியா இருந்தா சிஸ்டம் சிவப்பு காட்டுமே?"

"சிவப்பா இருந்துட்டுப் போகட்டும் சார்."

"நோ நோ, ஹெட் ஆபீஸ்ல பார்ப்பாங்க."

அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு இப்படி ஏற்றினோம். செயல்: கடிதம் அனுப்பாமல் இருத்தல். பொறுப்பு: நான். நிலை: நடந்துகொண்டிருக்கிறது.

முதல் திங்கட்கிழமை எழுந்து, "அனுப்பவில்லை சார்" என்றேன். "எவிடென்ஸ்?" என்றார்.

அனுப்பாததற்கு எவிடென்ஸ்! டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் அன்றைய தேதிக்கு நேராகக் காலியாக இருந்த இடத்தை போட்டோ எடுத்து ஏற்றினேன். பச்சை ஆனது. இரண்டாவது வாரம் இன்னொரு காலி இடம், இன்னொரு போட்டோ. மூன்றாவது வாரம்தான் அந்தக் கைதட்டல்.

தட்டி முடிக்கவில்லை, என் போன் அடித்தது. கேட் செக்யூரிட்டி. "மேடம், பிரஸ் ஷாப் ஏகாம்பரம் இங்க கேட்டுக்கு வெளிய நிக்கறாரு. கொரியர்காரர்கிட்டேர்ந்து ஒரு கவரைப் பிடுங்கிக்கினாரு. குடுக்க மாட்டேங்கறாரு."

ஓடினேன். ஹீல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நடந்தது இதுதான். எங்கள் டெஸ்பாட்ச்சில் ஒரு செக்லிஸ்ட் உண்டு. லீவிலிருந்து அன்றைக்குத்தான் திரும்பிய டெஸ்பாட்ச் கிளார்க், "திங்கள்: வரித்துறைக் கடிதம்" என்று அதில் இருந்ததைப் பார்த்து, என் கையெழுத்தோடு கம்ப்யூட்டரில் தயாராக இருந்ததை பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, கவரில் ஒட்டி, கொரியரிடம் கொடுத்துவிட்டார். நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். செக்லிஸ்ட்டுக்குச் சொல்லவில்லை.

அறுபத்தியோராவது கடிதம் ஏகாம்பரத்தின் கையில் இருந்தது. கேட்டுக்கு வெளியே, வெயிலில், கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்கண்ணே!"

"வுட மாட்டறாங்க மேடம்."

செக்யூரிட்டி விறைப்பாகச் சொன்னார்: "கேட்டைத் தாண்டிப் போன பொருள் திரும்ப உள்ள வரணும்னா இன்வேர்ட் என்ட்ரி போடணும் மேடம். அதுக்கு சூப்பர்வைசர் கையெழுத்து வேணும். இவரு சூப்பர்வைசர் இல்லையே?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த ரிஜிஸ்டரைப் பிடுங்கி நானே கையெழுத்துப் போட்டேன். பேப்பர் கிழிந்தது.

"நீங்க ஏண்ணே இங்க வந்தீங்க? டீ குடிக்கற நேரமாச்சே?"

"மூணு வாரமா திங்கக்கெழம டீ டைம்ல இங்கதான் வந்து நிக்கறேன் மேடம்." கொஞ்சம் தயங்கினார். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. நம்ம கம்பெனி மேல."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒப்புதல் வந்தது. ஒரே ஒரு பக்கம். நான்கு வரி. ஏகாம்பரம் ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ட்ராயரைத் திறந்து புரமோஷன் லெட்டரை எடுத்தேன். தேதி பழசு. புதிதாக அடித்து பிளான்ட் ஹெட்டிடம் கொண்டுபோனேன். "வெரி குட். திங்கட்கிழமை ரெவ்யூல வச்சுக் கொடுத்துடலாமே?" என்றார். நான் போட்ட சத்தம் கேண்டீன் வரைக்கும் கேட்டதாம். அங்கேயே, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை ஏகாம்பரம் க்ரீம் கலர் சட்டையில் வந்தார். பதினாலு மாசத்துக்கு முன்னால் தைத்தது. வயிற்றுப் பக்கம் பட்டன் திணறியது. மாசா மாசம் செக்கப்பில் டாக்டர் சொன்னதை அவர் கேட்டிருக்கலாம்.

வாழ்த்துச் சொல்ல லைனுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அங்கே செல்வி நின்றிருந்தாள். அதே லைன் ஆபரேட்டர். கையில் லீவு ஃபாரம். பிள்ளைக்கு ஸ்கூலில் ஜுரம் என்று போன் வந்ததாம், அரை நாள் வேண்டும். எங்கள் வழக்கப்படி சூப்பர்வைசர் கையெழுத்து, பிறகு ஹெச்.ஆர். கையெழுத்து, பிறகுதான் கேட் திறக்கும். அவசரம் என்றால் கேட்டில் அழுது நிற்க வேண்டும். நிற்பார்கள், பார்த்திருக்கிறேன்.

ஏகாம்பரம் ஃபாரத்தை வாங்கி, இடது உள்ளங்கையில் வைத்து, கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசராக அவர் போட்ட முதல் கையெழுத்து. ஒரு போட்டோ எடுத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

"காரணம் என்னன்னு படிக்கவே இல்லையேண்ணே?"

"படிச்சுக்கினு நின்னா பஸ் பூடும் மேடம். பேனா கையிலதான கீது, இன்னாத்துக்கு நிக்க வைக்கணும்?"

சொல்லிவிட்டு ஃபாரத்தை என்னிடம் நீட்டினார். பேனாவையும் சேர்த்து நீட்டினார். "அடுத்தது நீங்கதான மேடம்?"

பிரஸ் மிஷின் மேல் ஃபாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். செல்வி ஓடிவிட்டாள். வந்ததும் போனதும் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

எங்கள் கம்பெனியில் லீவு ஃபாரம் வெளியே வர இரண்டு நாள் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு நாளும் அது எங்கே இருக்கும் என்று கேட்கிறீர்களா? என் மேஜையில்தான்.